ராத்தலுக்கு ஒரு கை

தராசு முள் இன்னும் நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் அரைக் கிலோ புதுக்கல், இன்னொரு தட்டில் தேவனூர் நாட்டுப் பெரியவர் ஒருவர் துண்டில் முடிந்து கொண்டுவந்த மிளகு. அந்த நேரம் பார்த்துத்தான் குழந்தைசாமி சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அடிவாரத்திலிருந்து கழுதை மேல் உப்பு ஏற்றிக்கொண்டு கொல்லிமலை மேலிருக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிறவன். அவனுடைய அக்கா மகள் திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தராசு பிடித்திருந்த வேலப்பனின் மகள் மாதம்மாளும் அங்கேதான்.

“ஏனுங்க, சேதி தெரியுமுங்களா? உங்க மாதம்மா வர்ற ஞாயித்துக்கெழம ரேடியோவுல பாடுதுங்க. ஆஸ்டல் புள்ளைங்களத் திருச்சி ரேடியோவுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். உச்சிப்பொழுதுக்குப் புள்ளைங்க நிகழ்ச்சி வருதில்லீங்களா, அதுல.”

வேலப்பன் தராசைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தாலாவது பரவாயில்லை, தராசோடேயே குழந்தைசாமி பக்கம் திரும்பியதில் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பெரியவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “ஏன் சாமி, நிறுக்கறயா, தாலாட்டறயா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலப்பனும் சிரித்தான். மகளை அங்கே கொண்டுபோய் விட்டது ஆடி மாதம். இப்போது தை. இடையில் ஒரு தடவைகூட அவள் குரலை அவன் கேட்கவில்லை.

வேலப்பன் மிளகு வியாபாரியின் தராசுக்காரன். கிலோ வந்த புதிதில் மலைக்காரர்கள் தராசுப் பக்கமே வர மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக ராத்தலில் போட்ட மிளகை, எவனோ டில்லியில் உட்கார்ந்துகொண்டு மாற்றினால் எப்படி நம்புவது? அப்போது வேலப்பன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய ராத்தல் கல்லை வைத்து மிளகை நிறுத்தான். மிளகுக்காரரையே அதன் மேல் ஒரு கை அள்ளிப் போடச் சொன்னான். பிறகு புது அரைக் கிலோ கல்லை வைத்துக் காட்டினான். முள் அசையாமல் நின்றது. அன்றிலிருந்து சோளக்காட்டில் சட்டம் அதுதான்: ராத்தலுக்கு ஒரு கை போட்டால் அரைக் கிலோ. யாருக்கும் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வேலப்பனுக்கு இதில் பெருமை என்றால் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டாலும் சரி, அணா போய் நயா பைசா வந்தாலும் சரி, எல்லாப் புது அளவுக்கும் அவனிடம் இருந்தது ஒரே மருந்து. பழசை எடுத்துக்கொள், முன்னே பின்னே ஒரு கை பார்த்துப் போட்டுக்கொள், கணக்கு சரியாக வந்துவிடும்.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அதுதான் ரேடியோ. சேலத்துக்கு மிளகு கொண்டுபோகும்போதெல்லாம் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் போய் நின்று, விரட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். பழைய புத்தகக் கடையில் வீட்டிலேயே ரேடியோ செய்வதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், மரத்தின் உச்சியில் ஒரு கம்பியும் மண்ணுக்குள் ஒரு கம்பியும் இருந்தால் போதும், காற்றில் வருவதைக் காதில் கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து மனப்பாடமே செய்துவிட்டான். சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பட்டாளத்துப் பழைய சாமான் கடையில் ஒரு ஹெட்போன், அதிலும் ஒரு காதுதான் வேலை செய்யும். ஸ்டேஷன் பிடிக்கத் திருகுகிற தகட்டுக் கண்டன்சர் ஒன்று. கண்ணாடிக் குழலுக்குள் மீசை மயிர் மாதிரிக் கம்பி வைத்த டயோடு ஒன்று. மிச்சம் இருந்தது காயில் மட்டும்தான், அதாவது மூங்கில் குழாய் மேல் வரிசையாகச் சுற்ற வேண்டிய கம்பிச்சுருள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று செய்தியைச் சொன்னான். மனைவி அத்தாயி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவனோடு நேராகப் பேசி ஆறு மாதம் ஆகிறது. மலையில் எந்தப் பெண் பிள்ளை கீழே போய்ப் படித்திருக்கிறாள், பதினோரு வயதுப் பிள்ளையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை முழுசாகக் கேட்காமல் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தானே என்ற ஆத்திரம். அதற்காகச் சோறு போடாமல் இருக்கவில்லை, சண்டை பிடித்துக்கொண்டு தாய் வீட்டுக்கும் போகவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் வாசலில் மேயும் மொட்டைக்கழுத்துக் கோழியிடம் சொல்லிவிடுவாள். வேலப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

“ஏ கோழி, பாட்டுப் பாடறாளாம் என்ற புள்ள. பாடுன்னு அடிச்சாங்களோ என்னமோ, யாரு கண்டா? களத்து வேல முடிஞ்சிருச்சு. திங்கக்கெழம நான் கீழ எறங்கிப் போயி அவளக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். படிச்சுக் கிழிச்சது போதும்.”

“அவ சந்தோசமா இருக்காளோ என்னமோ” என்றான் வேலப்பன், கோழியைப் பார்த்தே.

“சந்தோசமா இருக்காளா, அழுதுட்டுக் கெடக்காளான்னு கொரலக் கேட்டா எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? கேக்கறதுக்குத்தான் வழியில்லியே.”

“வழி இருக்குது. ஞாயித்துக்கெழம நீ கேப்ப. கேட்டுட்டு அப்பறமா முடிவு பண்ணு.”

அத்தாயியின் கையில் முறம் நின்றது. மாட்டேன் என்று அவள் கோழியிடம்கூடச் சொல்லவில்லை. வேலப்பனுக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது. அடிவாரத்து டீக்கடையில் ரேடியோ உண்டுதான். அங்கே விடிந்தால் பொழுது போனால் சிலோன் பாட்டு. பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு எவன் திருப்புவான்? திருப்பினாலும் அத்தனை ஆண்களுக்கு நடுவே அத்தாயி போய் நின்று கேட்பாளா? இந்த மூங்கில் குழாயை விட்டால் வேறு கதி இல்லை. வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பயமும் அவனுக்கு இருந்தது. ஆஸ்டல் வாசலில் அவன் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு மாதம்மாள் அழுத அழுகை இன்னும் காதுக்குள் இருந்தது. அவள் இன்னும் அப்படியே அழுதுகொண்டிருந்தால், அத்தாயி போய்க் கூட்டிவருவதுதான் நியாயம். அதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் கருக்கலிலேயே கிளம்பி மலை இறங்கி, பஸ் பிடித்துச் சேலம் போனான். புத்தகத்தில் கேட்டிருந்தது இருபத்தாறாம் நம்பர் எனாமல் கம்பி. கடையில் எல்லாம் மாறிக் கிடந்தது. நம்பர் போட்ட பழைய கம்பிக் கட்டைகள் தீர்ந்துபோய், மில்லிமீட்டர் போட்ட புதுக் கட்டைகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் வேறு யாருக்கோ சாமான் எடுத்துக்கொண்டிருந்தார். வேலப்பன் தானே ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்றில் 0.25 என்று ஒட்டியிருந்தது. சுழியும் புள்ளியும் வெள்ளைக்காரன் போட்ட பொட்டு, அதை விட்டுத்தள்ளு. இருபத்தைந்து. நமக்கு வேண்டியது இருபத்தாறு. ஒன்றுதான் குறைகிறது, ஒரு கை போட்டால் சரியாகப் போயிற்று. இருபத்தாறாம் நம்பர் கம்பி எப்படி இருக்கும் என்று அவன் கண்ணால் கண்டவனில்லை. “இதுவே போதுமுங்க” என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றரை அங்குல மூங்கில் குழாய், அதில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கம்பி சுற்ற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. குழாய்க்கா பஞ்சம்? கொல்லிமலையில் தடுக்கி விழுந்தால் மூங்கில். வேலப்பன் அடிக்கோலை வைத்து அளந்து, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல், அவ்வளவு பொறுமையாகச் சுற்றினான். கம்பி தலைமயிர் மாதிரி ஓடியது; விரல் நுனி மரத்துப்போயிற்று. இரண்டு அங்குலம் நிரம்பியதும், அளவு மாறியதற்கு ஈடாக மேலே ஒரு கை அளவு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டான். பலா மரத்தின் உச்சிக்குக் கம்பி ஏறியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஈர மண்ணுக்குள் இன்னொரு கம்பி இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் ஹெட்போனைக் காதில் வைத்தான்.

ஒன்றும் இல்லை. மலை எப்போதும் பேசாமல் இருப்பது போலவே ஹெட்போனும் பேசாமல் இருந்தது. கண்டன்சரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினான். டயோடைத் திருப்பிப் போட்டான். மரத்துக் கம்பி தாழ்வாக இருக்கிறதோ என்று இன்னும் இரண்டு கிளை மேலே ஏறிக் கட்டினான். மண் காய்ந்துவிட்டதோ என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். வேலியோரம் போன பங்காளி பழனிமுத்து, “ஏம்ப்பா, கம்பிக்குத் தண்ணி ஊத்தறயே, எந்த மாசம் காய்க்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமை பூராவும் இப்படியே போயிற்று. அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்தைத் திரும்பவும் கொடுத்துப் பார்த்தான். ஒரு கை போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு கை கம்பி சுற்றினான். அதற்கப்புறமும் இரைச்சல்கூட இல்லை. பொழுது சாய்ந்தபோது வேலப்பன் பலா மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. அழுதான். ஆண்பிள்ளை அழுவதாவது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அத்தாயி தலைக்கு ஊற்றி, முகத்துக்கு மஞ்சள் பூசி, புதுச்சேலை கட்டியிருந்தாள். மகள் குரலாக வரப்போகிறாள் என்றாலும் வருகிறவள் மகள் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு வேலப்பன் ஹெட்போனை இன்னொரு தடவை காதில் வைத்துப் பார்த்தான். அவளிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் வாசலில் உட்கார்ந்து, பிடி ஆட்டம் கண்ட அரிவாளுக்கு நார் சுற்றிக்கொண்டிருந்தாள். கை வேலை ஓடினாலும் கண் அடிக்கொருதரம் பலா மரத்துக்குப் போய்வந்தது.

“என்ன நாரோ இது” என்று கோழியிடம் சலித்துக்கொண்டாள். “போன வருசத்து நாரு நல்ல தடிமனா இருந்துச்சு, ஒரு பிடிக்குப் பத்து சுத்துல முடிஞ்சுது. இது நூலாட்டம் இருக்குது. அதே பிடிதான், சுத்தறேன் சுத்தறேன், இன்னும் பாதிகூட ரொம்பல.”

வேலப்பன் அவள் கையையே பார்த்தான். அதே பிடி. நார் சன்னம். சுற்று கூட. எழுந்த வேகத்தில் வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான். இருபத்தாறாம் நம்பர் கம்பியானால் ஒரு அங்குலத்துக்குள் ஐம்பது சுற்று வரும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியை அவன் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறான். தராசுக்காரன் புத்தி. நீளம்தான் தெரிந்துவிட்டதே, எண்ணுவானேன்? மிளகை எவன் எண்ணி விற்கிறான்? இப்போது அடிக்கோலை வைத்து நகத்தால் தடவித் தடவி எண்ணினான். ஐம்பது வர வேண்டிய இடத்தில் தொண்ணூறைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சுற்று இரண்டு மடங்கானால் ஸ்டேஷன் எப்படிச் சிக்கும்?

பழைய நம்பர் வெறும் வரிசை எண். புதுசு கம்பியின் பருமன், கால் மில்லிமீட்டர். ஒன்றுக்கொன்று ஒரு கை உறவும் கிடையாது, அரைக் கை உறவும் கிடையாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த முடிச்சின் மேல் இரண்டு கை கம்பியையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறான். சோளக்காட்டுச் சட்டம் மிளகுக்கு மட்டும்தான் சட்டம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, சிரிக்கலாம் போல இருந்தது. வெட்கப்படுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் பலா மரத்து நிழல் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது வந்தேவிட்டது.

“அத்தாயி, வா. இதக் காதுல வெச்சுக்க. நான் கம்பியப் பிரிச்சுட்டே வாரேன். எங்க சத்தம் வருதோ அங்க கையத் தூக்கு.”

அவள் அரிவாளை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பலா மரத்தடியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். கேட்கிற காதில் ஹெட்போனை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேலப்பன் கம்பியைப் பிரித்தான். மொத்தம் நூறு சுற்று மிஞ்சுகிறவரை நிற்காமல் பிரித்தான். நுனியில் எனாமலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, கண்டன்சரிலிருந்து வருகிற கம்பியோடு கட்டைவிரலால் சேர்த்து அழுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், இல்லை. இன்னும் நாலைந்து சுற்று. சுரண்டினான், அழுத்தினான், திருகினான். இல்லை. இன்னும் கொஞ்சம். சன்னக் கம்பியில் அதே நூறு சுற்று நெருங்கி உட்கார்ந்துவிடுகிறது, அதனால் இன்னும் குறைய வேண்டும் போல என்று ஒரு எண்ணம் ஓடியது. சரியோ தப்போ, யோசித்து முடிக்க நேரம் இல்லை. இனி காதுதான் அளவு. பிரித்த கம்பி அவன் மடியிலும் மண்ணிலும் சுருண்டு சுருண்டு விழுந்தது.

ஒரு தடவை அழுத்தியபோது அத்தாயியின் புருவம் சுருங்கியது. “ஏதோ கொதிக்கற மாதிரி சத்தம் வருது” என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. அவன் இன்னும் மூன்று சுற்று பிரித்தான். “ஒரு ஆம்பள பேசறாரு. தூரத்துல.” இன்னும் இரண்டு. சுரண்டி அழுத்திக் கண்டன்சரை மயிரிழை மயிரிழையாகத் திருகினான். அத்தாயியின் கை சடாரென்று மேலே போயிற்று. “அசையாதீங்க” என்றாள் அவனைப் பார்த்து.

அவன் அசையவில்லை. மூச்சைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டான். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கம்பி விலகிவிடும், எல்லாம் போய்விடும். அத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அவன் தேடினான். அழுகுரலா, சிரித்த குரலா? ஒன்றும் பிடிபடவில்லை. “மாதம்மாதானா?” என்று கேட்டான். “யாரு பாடறது? சொல்லு புள்ள.” தூக்கிய கையாலேயே அவள் பொறு என்று காட்டினாள். ஹெட்போனைக் கொடு என்று கேட்க முடியாது. இரண்டு கையாலும் அவன் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பாட்டைத்தான். உலகத்தில் அவனைப் போல் ஏமாந்தவன் எவனும் இருக்க மாட்டான் என்று தோன்றியது. ரேடியோ செய்தவனும் அவன்தான், அதைக் கேட்காதவனும் அவன்தான்.

அப்போது அத்தாயியின் உதடு அசைந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மெல்ல, தொண்டைக்குள்ளிருந்து ஒரு ராகம் கிளம்பியது. தினைக்காட்டில் பரண் மேல் நின்று கிளி விரட்டுகிற பெண்கள் பாடுவது. ஒவ்வொரு வரியையும் காதில் வாங்கிக்கொண்டு, அரைக் கணம் பிந்திப் பாடினாள்.

“கிளியே கிளியே பச்சக்கிளியே
எங்க தெனைய உட்டுரு
பலாக்காட்டுல பழமிருக்குது
பங்கு போட்டுத் தின்னுரு…”

வேலப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். மகள் திருச்சியில் பாடுகிறாள், அது மனைவியின் வாயிலிருந்து வருகிறது. எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே இழுத்தாள், எங்கே குதித்தாள் என்பதெல்லாம் அத்தாயியின் குரலில் அப்படியே இறங்கியது. பிள்ளை தயங்கவில்லை, அழவில்லை. எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்று பாடுகிறாள், அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணீர் மறைத்தது. துடைக்கக் கை இல்லை. கன்னத்தில் ஓடி முகவாயில் சொட்டியது, சொட்டட்டும் என்று விட்டுவிட்டான்.

மூன்றாவது அடியில் அத்தாயி சட்டென்று நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, பாட்டு வரவில்லை. கண்ணைத் திறந்து, எதிரில் யாரோ புதிதாக வந்து நிற்பதைப் போலப் பார்த்தாள்.

“என்னாச்சு? போயிருச்சா?”

“இல்ல. இருக்குது.” ஹெட்போனை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள். “இந்த அடி நான் சொல்லிக் குடுத்ததில்ல. அவளே கட்டிப் பாடறா.”

“என்னன்னு பாடறா?”

“ராத்தலுக்கு ஒரு கை சேத்துப் போட்டுக்கோன்னு கிளிகிட்டச் சொல்றா” என்றாள் அவள். அடுத்த வரிக்காகத் தலையைச் சாய்த்து, மூச்சடக்கிக் கேட்டாள். பிறகு தோள் குலுங்க, புதுச்சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வேலப்பன் கட்டைவிரல் நுனி வெளுத்துப்போகும்வரை இரண்டு கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.